செவலை உட்கார்ந்திருந்த நேரம்

சென்ற மாதம் நிஷா சென்னையிலிருந்து போன் செய்தாள். முப்பத்திரண்டு வருஷம் நான் செய்துவிட்டு வந்த வேலையை இப்போது செய்கிறவள். சினிமாவுக்கு நாய் பழக்குகிற வேலை. கெட்டிக்காரி. நான் ஒரு வாரம் மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒரு பகலில் முடித்துவிடுகிறாள் என்று கேள்வி. எங்கள் பழைய படம் ஒன்றைப் போனில் பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, அந்தக் கடைசி ஷாட்ல கட்டே இல்ல. நாய் இமைகூட ஆட்டாம உக்காந்திருக்கு. நிஜமா எவ்வளவு நேரம் ஸ்டேல இருந்துச்சு?"

"ஒன்றரை நிமிஷம்" என்றேன்.

"ஐயோ! இப்பல்லாம் பத்து செகண்டு உக்காந்தா போதும்கிறாங்க. கண்ணு எந்தப் பக்கம் பாக்கணுமோ அதைக் கம்ப்யூட்டர்ல திருப்பிக்கிறாங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

நான் சொன்னது பொய். ஷாட்தான் ஒன்றரை நிமிஷம். நாய் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது என்பது அன்றைக்கு எனக்கே தெரியாது. இருபது வருஷமாக அதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி. இப்போது தெரியும். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் தோவாளைக்காரன். பத்தொன்பது வயதில் மெட்ராசுக்குப் போய், வடபழனியில் ஒரு ஓட்டலில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஷூட்டிங்குக்கு வந்த நாய் ஒன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட்டலுக்குள் புகுந்து என் காலடியில் படுத்துவிட்டது. அதைத் தேடி வந்த வேதமணி மாஸ்டர் நாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உனக்கு பயமில்லையா?" என்று கேட்டார். "இல்ல சார், அதுக்குத்தான் பயம்" என்றேன். மறுநாள் முதல் அவரிடம் வேலை. முதல் மூன்று வருஷம் நாய்க்கூடு கழுவினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நன்றாகக் கழுவினேன்.

மாஸ்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் நாய்களோடு இருந்துவிட்டு வந்தவர். என் பெயர் செல்வராஜ் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கடைசிவரை என்னை "நாகர்கோவில்" என்றுதான் கூப்பிட்டார். நாயிடம் இங்கிலீஷில் பேசுவார். மனிதர்களிடம் பெரும்பாலும் பேசமாட்டார். ஷாட்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, நாய் நிற்க வேண்டிய இடத்தில் வெறுங்காலோடு நின்று மனதுக்குள் இருபது எண்ணுவார். தன் கால் பொறுத்தால்தான் நாய்க்கு அனுமதி. ஒரு பெரிய நடிகர் வெயிலில் மேக்கப் வழிய நின்றுகொண்டிருக்கும்போது, தரை சூடு என்று சொல்லி இரண்டு மணி நேரம் படப்பிடிப்பை நிறுத்தியவர் அவர். குரலை உயர்த்தாமலே நிறுத்தினார்.

நாயை ஓரிடத்தில் நிறுத்தப் பழக்குவதற்கு அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒரு முழுச் சாக்கை விரிப்போம். அதில் உட்கார்ந்தால் ஈரல் துண்டு. நாலு நாள் கழித்துச் சாக்கைப் பாதியாக வெட்டுவோம். பிறகு கைக்குட்டை அளவு, பிறகு தீப்பெட்டி அளவு. கடைசியில் அந்தத் தீப்பெட்டி அளவுச் சாக்கை மண்ணுக்குள் புதைத்துவிடுவோம். கேமராவுக்குத் தெரியாது, நாயின் மூக்குக்குத் தெரியும். அதில் வந்து உட்கார்ந்ததும் கையை நீட்டி "ஸ்டே" என்று சொன்னால், வேறொரு சொல் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது.

அந்த வேறொரு சொல்லில்தான் மாஸ்டர் குறியாக இருப்பார்.

"நாய்க்கு ரெண்டு சொல்தான் முக்கியம் நாகர்கோவில். ஒண்ணு கட்டுற சொல். இன்னொண்ணு அவுக்கிற சொல். அவுக்கிற சொல் செட்ல எவன் வாயிலயும் வராத சொல்லா இருக்கணும். அப்புறம், கட்டினவன்தான் அவுக்கணும்."

எங்கள் நாய்களுக்கெல்லாம் அவிழ்க்கிற சொல் "பம்பாய்". கோடம்பாக்கத்தில் அந்தக் காலத்தில் எவனும் சும்மா பம்பாய் என்று சொல்லிக்கொண்டு திரியமாட்டான் என்பது மாஸ்டரின் கணக்கு.

நிஷா கேட்ட படத்துக்கு வருகிறேன். குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற படம். அறுப்பு முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆட்டுமந்தையை அடைத்துப்போடுவார்களே, கிடை, அந்தக் கிடையில் பிறந்த ஒரு நாய்க்குட்டி வழிதவறி ஒரு விவசாயியின் பண்ணைக்கு வந்துவிடுகிறது. அந்த வீட்டுப் பெண்பிள்ளையோடு வளர்கிறது. வாத்தை விரட்டப்போய்க் கொத்து வாங்குகிறது. வைக்கோற்போரில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுகிறது. வளர்ந்து, ஆடு மடக்கக் கற்றுக்கொள்கிறது. கடைசியில் அது பிறந்த கிடையே அந்த ஊருக்கு வந்து, தங்கி, கிளம்பிப் போகிறது. நாய் வரப்பில் உட்கார்ந்து மந்தை போகிற வழியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, எழுந்து பின்னால் போகவில்லை. இனி இதுதான் என் வீடு என்று அது முடிவு செய்துவிட்டதாக அர்த்தம். அதுதான் கடைசி ஷாட்.

வளரும் நாய் என்றால் சாதாரணமாக நாலைந்து நாய்களை வைத்து ஒப்பேற்றிவிடுவோம். இந்த டைரக்டர் பிடிவாதக்காரர். ஒரே நாய்தான் வளர வேண்டும், பதினோரு மாதம் ஆனாலும் ஆகட்டும் என்றார். அதுவும் அசல் கிடைநாயாக இருக்க வேண்டும். மாஸ்டர் கமுதிப் பக்கம் போய், காளிமுத்து என்கிற கீதாரியிடம், அதாவது மந்தைக்குத் தலைவரிடம், ஒரு செவலைக் குட்டியை வாங்கிவந்தார். வாங்கி என்பது தவறு. கடனாக.

"இதோட ஆத்தா கெழடாப் போச்சு. அடுத்து எங் கிடைக்கு இதுதான். படம் முடிஞ்சா இதைத்தான் குடுக்கணும், வேற நாயைக் காட்டக் கூடாது" என்றாராம் கீதாரி. மாஸ்டர் கையடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

இது எனக்கு முதல் நாளே தெரியும். ஆனால் பதினோரு மாதம் ஒரு குட்டியை மார்பில் போட்டுத் தூங்கவைத்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

படத்தில் அதற்கு ராஜா என்று பெயர். அந்தப் பெயருக்கு அது ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எங்களுக்கு அது செவலை. கோடம்பாக்கத்தில் மூன்றாம் மாடியில் ஒரே அறை, ஒரு சமையல் மூலை, அதுதான் நானும் என் மனைவி ராஜமும் குடியிருந்த வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது பாதிதான் விளங்கும். தினமும் காலையில் ராஜம் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரத்தில் ஈரலை வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவு வெட்டி, காயவைத்துத் தருவாள். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் குட்டியை வீட்டுக்கு அழைத்துவருவேன்.

ஒரு நாள் கேட்டாள். "இத நம்மளே வச்சுக்கிடலாமா?"

"மாஸ்டர் வாக்கு குடுத்திருக்காரு."

"வாக்கு குடுத்தது அவருதான? நம்மளா குடுத்தோம்?" என்றாள். நான் மனதுக்குள் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

மாஸ்டர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு சணல் கயிற்றால் அதன் முன்கால் பாதத்திலிருந்து தோள்வரை அளந்து, வளர்ந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போடுவார். எந்தக் காட்சியை எப்போது எடுப்பது என்று டைரக்டர் அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். குட்டி தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாமல் குனிந்து அளப்பார். ஒரு முறை அளந்துவிட்டு அதன் காதை மடித்துவிட்டதைப் பார்த்தேன். நான் பார்த்தது தெரிந்ததும், உண்ணி பார்த்ததாகச் சொன்னார்.

முதல் பத்து மாதம் செங்கல்பட்டுப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் செட் போட்டு எடுத்தார்கள். செவலையைப் போல ஒரு நாய் எங்கள் கையில் வந்ததில்லை என்று மாஸ்டரே ஒப்புக்கொண்டார். கடைசி முப்பது நாளுக்கு நாஞ்சில் நாட்டு வயல் வேண்டும், பின்னால் மலை வேண்டும் என்று டைரக்டர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து இறச்சகுளத்தை ஒட்டி வயல்கள் திறந்துகிடந்த நேரம். நாயும் நானும் சொந்த ஊருக்கு வந்து இறங்கினோம். காளிமுத்து கீதாரியும் தன் ஆடுகளோடு வந்து சேர்ந்தார், மந்தைக் காட்சிக்கு அவர் மந்தைதான்.

முதல் நாளே மானம் போயிற்று. செவலை ஸ்டேயில் நிற்கவில்லை. உட்காரும், கேமரா ஓடும், திடீரென்று எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்துவிடும். பத்து மாதம் கல்லுப்போல் இருந்த நாய். ஒரு தரம், இரண்டு தரம் என்றால் வெயில் என்று சொல்லலாம். மத்தியானத்துக்குள் பதினோரு தரம். டைரக்டர் தொப்பியைத் தரையில் அடித்தார். நான் குளத்தில் குதித்துவிடலாமா என்று பார்த்தேன்.

மாஸ்டர் ஒரு நாற்காலியைத் தூரத்தில் போட்டு உட்கார்ந்து ஒரு சின்ன நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"போட்டுன்னா என்ன, நாகர்கோவில்?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை.

"பதினோரு தடவை எந்திரிச்சுது. பதினோரு தடவையும் சுத்தி நிக்கிறவங்கள்ல யாரோ ஒருத்தன் போட்டுன்னு சொல்றான். டீக்காரம்மா சொல்றா. லைட்டைத் தூக்கிட்டு வந்த லோக்கல் ஆள் சொல்றான். வயல்காரர் நாலு தடவை சொன்னார். எதைக் கீழ போடச் சொல்றாங்க?"

நான் செவலையைத் திரும்பிப் பார்த்தேன்.

"கீழ போடுறது இல்ல மாஸ்டர். போகட்டும்ணு அர்த்தம். எங்க ஊர்ல ஆறுதலுக்குச் சொல்றது. பாலு கொட்டினாலும் போட்டு, பரீட்சையில தோத்தாலும் போட்டு."

"யாராவது செத்தா?"

"அதுக்கும் கொஞ்ச நாள் கழிச்சு அதான் சொல்லணும்."

"நாய்க்கு இதை யாரு சொல்லிக்குடுத்தது?"

நான்தான். வேறு யார்? குட்டியாக இருந்தபோது சாக்கில் உட்காரத் தெரியாமல் சரிந்து விழும். மாஸ்டர் முகத்தைப் பார்த்து அது மிரளும். நான் ஓடிப்போய் நெஞ்சைத் தடவி, "போட்டு மக்கா, போட்டு" என்பேன். பிறகு சரியாகச் செய்தபோதும், முறைப்படி "பம்பாய்" என்று சொல்வதற்கு முன்னால் அதே வார்த்தை தானாக வாயில் வரும். மூச்சு விடுகிறவனுக்கு மூச்சு விடுவது தெரியுமா? நாய் பம்பாயைக் காதில் வாங்கவே இல்லை. போட்டு என்றால் வேலை முடிந்தது, எழுந்து வந்து செல்லம் வாங்கிக்கொள்ளலாம் என்று படித்துவைத்திருக்கிறது. மெட்ராசில் அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில், அந்த ராகத்தில் சொல்ல என்னையும் ராஜத்தையும் விட்டால் ஆள் கிடையாது. இங்கே ஊரே சொல்கிறது.

மாஸ்டர் நோட்டை மூடினார். "உன்னை வேலை சொல்லிக்குடுக்கச் சொன்னேன். நீ ஆறுதல் சொல்லிக்குடுத்திருக்கே" என்றார். திட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதிய சொல் பழக்க நாள் இல்லை. ஆகவே நாயை விட்டுவிட்டு ஊரைப் பழக்க முடிவானது. படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் யாரும் போட்டு என்று சொல்லக் கூடாது என்று நான் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டேன். வயல்காரர் தாணு அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்டே, போட்டுன்னு சொல்லாண்டாம்னா பின்ன எப்பிடிடே பேசுவது? நானும் இவளும் முப்பது வருசம் குடித்தனம் நடத்துனதே அந்த ஒத்தச் சொல்லை வச்சில்லா!"

"முப்பது நாளு மட்டும் அண்ணாச்சி. ஒரு பிராணிக்காச்சுட்டி."

"செரி, போ..." என்று ஆரம்பித்தவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களைக் குறை சொல்லக் கூடாது. ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். டீக்காரக்கா கிளாஸ் உடைந்தால் வானத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவாள். வேலைக்கு வந்த ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். செவலை மறுபடி கல்லானது. இருபத்தொன்பது நாளில் எல்லாம் எடுத்து முடித்து, கடைசி ஷாட் ஒன்றுதான் பாக்கி.

முந்தின நாள் சாயங்காலம் மாஸ்டர் என்னைக் குளத்தங்கரைக்கு அழைத்துப்போனார். ஷாட்டை விளக்கினார். காலை ஏழு மணி. வரப்பில் செவலை. எதிரே ரோட்டில் ஒரு வேன், பின்கதவைத் திறந்துவைத்து அதில் நான். ஸ்டே சொல்லிவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியது. வேன் மெதுவாகப் போகும். நாயின் கண் என்னோடு வரும். படத்தில் அது மந்தையைப் பார்ப்பதாக இருக்கும்.

"ஷாட் முடிஞ்சதும் வேன் நிக்காது. நேரா ஸ்டேஷனுக்குப் போயிடு. நீ திரும்பி வரக் கூடாது" என்றார்.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. "அப்ப அவுக்குறது யாரு? கட்டினவன்தான் அவுக்கணும்னு நீங்கதான மாஸ்டர் சொன்னிய?"

"நீ அவுத்தா அது எந்திரிச்சு உன்கிட்டத்தான் வரும். வந்து மடியில ஏறின நாயை மறுபடி எப்படி விட்டுட்டுப் போவே?"

"நான் விட்டுட்டுப் போகல்ல மாஸ்டர். நானே வச்சுக்கிடுதேன். கீதாரிகிட்ட நான் பேசுறேன். காலுல விழுறேன்."

மாஸ்டர் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மூணாவது மாடியில வச்சா? அது ஆட்டு நாய். அவருக்கு ஆடு இருக்கு, அதுக்குக் காடு இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டார். பிறகு, "நான் பாத்துக்கறேன். அது எந்திரிக்கும்" என்றார்.

மறுநாள் நடந்ததெல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. மாஸ்டர் வெறுங்காலோடு வரப்பில் நின்று இருபது எண்ணினார். தீப்பெட்டி அளவுச் சாக்கை மண்ணில் புதைத்தேன். செவலை வந்து உட்கார்ந்தது. கையை நீட்டி ஸ்டே என்றேன். அதன் நெஞ்சை ஒரு தரம் தடவ வேண்டும் போலிருந்தது. தடவினால் எழுந்துவிடும், தடவவில்லை. வேனில் ஏறிக்கொண்டேன்.

வேன் நகர்ந்தது. செவலை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. காது மட்டும் முன்னால் வந்தது. சொல்லுக்காகக் காத்திருக்கும்போது அது அப்படித்தான் செய்யும். நூறு அடி தூரம்கூட இல்லை. போட்டு மக்கா என்று ஒரு தரம் கத்தியிருந்தால் வேனை முந்திக்கொண்டு வந்திருக்கும். ஷாட் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். "கட்" என்று டைரக்டர் கத்தியது எனக்கும் கேட்டது. அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு என்ன காரணம் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், என்னிடம் காரணம் இல்லை. வேன் குளத்தைச் சுற்றித் திரும்பியது. வரப்பு மறைந்துவிட்டது.

நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு மாஸ்டர் மூன்று மணிக்கு மேல்தான் வந்தார். வேட்டியெல்லாம் சேறு. தோளில் எப்போதும் கிடக்கும் துண்டு இல்லை.

"எந்திரிச்சுதா மாஸ்டர்?"

"தண்ணி குடிச்சுது."

"எந்திரிச்சுக் குடிச்சுதா, உக்காந்த மேனிக்கே குடிச்சுதா?"

அவர் பையிலிருந்து முடிச்சுகள் போட்ட சணல் கயிற்றை எடுத்து என் கையில் வைத்தார். ரயில் வந்தது. ஏறிக்கொண்டோம். மாஸ்டர் இறந்து ஏழு வருஷம் ஆகிறது, அதுவரையிலும் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வீட்டுக்குப் போனதும் ராஜம் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். படிக்கட்டில் யாரும் ஏறி வரவில்லை என்று உறுதியானதும் ஈரல் வேகவைக்கும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் போட்டாள். தோவாளைக்கு வந்தபோது அதையும் கொண்டுவந்தோம். அதில் இன்றுவரை அவள் எதுவும் சமைத்ததில்லை.

படம் நன்றாக ஓடியது. நான் ஒரு தரம் போய், கடைசிக் காட்சிக்கு முன்னால் எழுந்து வெளியே வந்து, போஸ்டருக்குக் கீழே நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா தன் பிள்ளையிடம், "பாத்தியா, அதுக்குப் போகவே மனசு வரலை" என்று சொல்லிக்கொண்டு போனாள். போக மனசு வராமல் உட்கார்ந்த நாய் இல்லை அம்மா, எழுந்திருக்க உத்தரவு கிடைக்காமல் உட்கார்ந்த நாய் என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ நாய்கள், எத்தனையோ படங்கள். ஒவ்வொன்றையும் நானே கட்டி நானே அவிழ்த்தேன். ஆனால் சாப்பிடும்போதோ பஸ்ஸில் போகும்போதோ திடீரென்று வரப்பில் அந்தக் காது முன்னால் வரும். இன்னும் உட்கார்ந்திருக்குமோ என்று தோன்றும். இருபது வருஷம் எந்த நாயும் உட்காராது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கீதாரியைத் தேடிப்போய்க் கேட்டிருக்கலாம். அது சாப்பிடாமல் கிடந்து செத்தது என்று அவர் சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் வருஷா வருஷம் கும்பப்பூ அறுப்பு நேரத்தில் ஊருக்கு வருவதையே தவிர்த்தேன்.

நிஷாவிடம் ஒன்றரை நிமிஷம் என்று சொன்ன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் பூதப்பாண்டிக்கு ஒரு வேலையாக பஸ்ஸில் போனேன். இறச்சகுளம் தாண்டும்போது அறுத்த வயலில் ஆடுகள். நடுவில் மூங்கில் பிடி வைத்த ஒரு பெரிய குடை, காளிமுத்து கீதாரி பிடிப்பது போல. இறங்கிவிட்டேன்.

காளிமுத்து கீதாரிக்கு எண்பதுக்குப் பக்கத்தில் இருக்கும். என்னை அடையாளம் தெரியவில்லை. செவலை என்று சொன்னதும் தெரிந்துகொண்டார்.

"அடடே, நாய் வாத்தியாரா? வாங்கண்ணே. அன்னைக்கி நீங்கபாட்டுக்குப் போயிட்டீக, அந்தப் பய எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்துபுட்டான்ல!"

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "எவ்வளவு நேரம்?"

"வெயிலு சாயுற மட்டுக்கும். நாலு மணி இருக்கும்."

ஏழிலிருந்து நாலு. ஒன்பது மணி நேரம். வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டேன். கீதாரி சொல்லிக்கொண்டே போனார். நான் போனதும் மாஸ்டர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாராம். என் சொல்லையும் சொன்னாராம். வேலூர்க்காரர் வாயில் அது வேறு சொல்லாகத்தான் வந்திருக்கும். யூனிட் ஆட்கள் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள், மாஸ்டர் சொல்லச் சொன்னபோதும் சோதிக்கிறார் என்று நினைத்து, அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று நான் பழக்கிவைத்திருந்தபடி வாயைப் பொத்திக்கொண்டே கலைந்து போனார்கள். வெயில் ஏறியதும் மாஸ்டர் செருப்பைக் கழற்றித் தரையில் நின்று பார்த்தாராம். உடனே தோள்துண்டைக் குளத்தில் நனைத்து, நாயின் காலுக்குக் கீழே நுழைத்து விரித்தாராம். கிண்ணத்தில் தண்ணீரை ஏந்தி வாய்க்கு நேரே பிடித்தாராம்.

"போகையில என்கிட்ட, இழுத்துறாதீக, அதுவா எந்திரிக்கட்டும்னு சொல்லிட்டுப் போனாரு. நான் என்ன செய்ய? இந்தக் குடையை அதுக்குப் பக்கத்துல குத்தி வச்சேன். அது நிழல்ல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"பொறவு?"

"புல்லறுத்துக்கிட்டு ஒரு அம்மா வந்துச்சு. வேற ஊரு போல, படம் எடுத்ததே அதுக்குத் தெரியாது. நாய்க்குக் குடை பிடிச்சிருக்கீகளேன்னு சிரிச்சுச்சு. விசயத்தைச் சொன்னேன். புல்லுக்கட்டை எறக்கி வச்சுட்டு நாய்கிட்ட உக்காந்துச்சு. அது நெஞ்சைத் தடவிக்கிட்டு உங்க ஊர்ப் பாசையில என்னமோ சொன்னுச்சு. போட்டு மக்கா, போட்டு, போனவங்க போறாங்கன்னு. அம்புட்டுத்தேன். பய எந்திரிச்சு, உதறிக்கிட்டு, அந்தம்மா மடியில தலையை வச்சான்."

யார் அந்த அம்மா என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் இனித் தெரியப்போவதில்லை. எங்கள் ஊரில் துக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எதைப் பார்த்தாலும் எவளும் சொல்கிற சொல். யார் வாயிலும் வரக் கூடாது என்று மாஸ்டர் சொன்ன சொல், ஊர் வாயிலேயே இருந்ததால் என் நாய் பிழைத்தது.

செவலை கிடையோடு பதினோரு வருஷம் இருந்ததாம். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நரி தொட விடவில்லையாம். கமுதியில் ஒரு வேப்பமரத்தடியில் புதைத்ததாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, சாதாரணமாகத்தான், ஒன்று சொன்னார்.

"வருசா வருசம் இங்கன கிடை போட வருவோம்ல. வந்த அன்னைக்கே இந்த வரப்புக்கு வந்து ஒக்காந்துரும். ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கும். நாங்களும் கொஞ்ச நேரம் விட்டுட்டு, அந்தம்மா சொன்ன மாதிரியே போட்டுன்னு சொல்லுவோம். எந்திரிச்சு வந்துரும்."

பதினோரு வருஷம். எந்த வருஷம் வந்திருந்தாலும் நான் அதைப் பார்த்திருக்கலாம். நான் இதே ரோட்டில் வந்திருந்தால் அது என்னைத்தான் முதலில் பார்த்திருக்கும்.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. கீதாரி தன் போக்கில் அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சி, ஆடுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார். நான் அதே இடத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது, கால் வரவில்லை.

அவர் என் முன்னால் வந்து நின்று பார்த்தார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. உட்கார்ந்திருப்பதை எழுப்புகிற சொல் என்று மட்டும்தான் தெரியும். கையை நீட்டினார்.

"அண்ணே" என்றார். "போட்டு."

நான் எழுந்தேன்.